ட்யூப் இருந்தும் ஏன் முட்டுகிறது?

"ஒண்ணுக்கு முட்டுதுப்பா, எழுப்பி விடு." புராஸ்டேட் அறுவை சிகிச்சை முடிந்த அன்று இரவு அப்பா இதைப் பத்து தடவையாவது சொல்லியிருப்பார். "ட்யூப் போட்டிருக்குல்லப்பா, தானா போயிடும், படுங்க" என்று நானும் பத்து தடவை சொன்னேன். அவருக்கு 74 வயது. மயக்க மருந்தின் தெளிவின்மையில் ஏதோ பேசுகிறார் என்று நினைத்துவிட்டேன். விடியும்போது பார்த்தால் படுக்கை விரிப்பு நனைந்திருந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "உன்கிட்ட சொன்னேனே" என்றார். அந்தக் குரலை இன்றும் மறக்க முடியவில்லை.

அவர் சொன்னது முழுக்க உண்மை. அப்பாவுக்கு நடந்தது டி.யு.ஆர்.பி. சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியைச் செலுத்திப் பெருத்த சதையைச் சுரண்டி எடுப்பார்கள். வெளியே ஒரு தையல்கூட இருக்காது. தையல் இல்லையென்றால் வலியும் இல்லை என்று வீட்டார் முடிவுகட்டிவிடுகிறோம். வலி இருப்பது உள்ளே, ட்யூபின் நுனியில்.

அந்த ட்யூபின் நுனியில் ஒரு பலூன் உண்டு. நீர்ப்பைக்குள் போனதும் 30 மில்லியோ அதற்கு மேலோ தண்ணீர் ஏற்றி அதை உப்ப வைப்பார்கள். ட்யூப் நழுவாது, லேசாக இழுத்துத் தொடையில் ஒட்டிவிட்டால், பலூன் அழுத்தி ரத்தக்கசிவையும் அடக்கும். அமெரிக்கச் சிறுநீரியல் மருத்துவர் ஃப்ரெடெரிக் ஃபோலி இதை விவரித்த 1937ஆம் ஆண்டுக் கட்டுரையே புராஸ்டேட் அறுவைக்குப் பிந்தைய ரத்தக்கசிவைப் பற்றியதுதான். ரத்தத்தை நிறுத்த வந்த அதே பலூன்தான் முட்டலையும் கொடுக்கிறது. நீர்ப்பையின் கழுத்தருகே உணர்ச்சி மிகுந்த முக்கோணப் பகுதி ஒன்று இருக்கிறது. பலூன் அதன்மேல் உட்காரும்போது, உள்ளே சொட்டு நீர் இல்லாவிட்டாலும் பை நிறைந்துவிட்டதாகவே தோன்றும். நீர்ப்பை இறுகிப் பிழியும். அடிவயிறு இழுக்கும், குறியின் நுனிவரை கடுக்கும், ட்யூபின் ஓரமாகவும் நீர் கசியும். அப்பாவின் விரிப்பு நனைந்தது இப்படித்தான்.

ஆனால் முட்டல் எல்லாமே இந்த இழுப்பு அல்ல. ரத்தக்கட்டி அடைத்துக்கொண்டால் நீர்ப்பை நிஜமாகவே நிறைந்து வலிக்கும். ஆகவே முதலில் யூரின் பேக்கைப் பாருங்கள். நீர் இறங்குகிறதா? ட்யூப் மடங்கியோ, காலுக்கு அடியில் நசுங்கியோ கிடக்கிறதா? மடிப்பை எடுத்தபிறகும் இறங்காமல் அடிவயிறு உப்பினால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சிஸ்டரைக் கூப்பிட வேண்டும். சலைன் விட்டுக் கழுவிக் கட்டியை எடுப்பார்கள்.

நீர் நன்றாக இறங்கியும் முட்டினால், அது பெரும்பாலும் இழுப்பு. இங்கேதான் பலரும் வீணாகத் துன்பப்படுகிறார்கள். அறுவை செய்த இடத்து வலிக்குப் பாராசிட்டமால் கேட்கும். நீர்ப்பையின் இழுப்புக்கு அது மட்டும் போதாது. ஆக்சிபியூட்டினின், டோல்டெரோடின், சொலிஃபெனாசின் என்று நீர்ப்பைத் தசையைத் தளர்த்தும் மருந்துகள் தனியே இருக்கின்றன. "வலிக்குது" என்று பொதுவாகச் சொல்லாமல் "ஒண்ணுக்கு முட்டுற மாதிரி விட்டு விட்டு இழுக்குது" என்று சொன்னால் மருத்துவருக்குப் புரிந்துவிடும். நாமாகக் கடையில் வாங்கிக் கொடுக்கிற மாத்திரை அல்ல இது. வாய் உலரும், மலம் இறுகும், வயதானவர்களுக்குச் சிந்தை குழம்பலாம், சிலவகைக் கண் அழுத்த நோய்க்கு ஆகாது. டாக்டர் எழுதிக் கொடுத்தார், மதியத்துக்குள் அப்பா தூங்கிவிட்டார்.

மலச்சிக்கலை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. முக்கினால் இழுப்பும் கூடும், ரத்தமும் கசியும். ட்ரமடால் போன்ற வலிமாத்திரை மலத்தை மேலும் இறுக்கும். மலமிளக்கி கேட்டு வாங்குவதில் கூச்சம் வேண்டாம்.

டி.யு.ஆர்.பி.க்கு ட்யூப் பொதுவாக ஒன்றிரண்டு நாள்தான். புற்றுநோய்க்காகப் புராஸ்டேட் சுரப்பியையே எடுத்தவர்கள் ஒரு வாரமோ, இரண்டு வாரமோ அதோடு வீட்டில் இருக்க வேண்டும். அவர்களுக்குப் பேன்ட்டைவிட லுங்கியோ வேட்டியோ நிம்மதி. ட்யூபைத் தொடையில் கொஞ்சம் தளர்வாக ஒட்டி வைத்தால் ஒவ்வோர் அசைவுக்கும் நுனி இழுபடாது. குறியின் நுனியில் காய்ந்து பொருக்காகும் கசிவு அரிக்கும். தினமும் சோப்பும் தண்ணீரும் விட்டு மெல்லக் கழுவினால் போதும். பேக் எப்போதும் நீர்ப்பைக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது. இதயமோ சிறுநீரகமோ பழுதுபட்டவர்கள் தவிர மற்றவர்கள் நன்றாகத் தண்ணீர் குடிக்கலாம். நீர் இளஞ்சிவப்பாக வந்தால் பயமில்லை. கெட்டியான சிவப்பு, கட்டிகள், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், கெண்டைக்கால் வீக்கம் என்றால் உடனே மருத்துவமனை. சுரப்பியை எடுத்தவருக்கு ட்யூப் கழன்றுவிட்டால், பக்கத்துக் கிளினிக்கில் மாட்டச் சொல்லக் கூடாது. உள்ளே தைத்த இணைப்பு கிழிந்துவிடலாம். அறுவை செய்தவரிடமே போக வேண்டும்.

அப்பாவுக்கு மூன்றாம் நாள் காலை, பலூன் தண்ணீரை சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டு ட்யூபை உருவினார்கள். சில நாள் எரியும், அவசரமாக வரும், கொஞ்சம் கசியவும் செய்யும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் அப்பா பதறவில்லை. கழிவறைக்குத் தானே நடந்தார். நான் கதவுக்கு வெளியே நின்றேன். வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது: "வருதுப்பா. நீ போய் காபி வாங்கிட்டு வா."