இடம் கிடைத்தது, கட்டணம் எங்கே?

ஏழை வீட்டுப் பிள்ளை டாக்டராக வேண்டுமானால் அரசு என்ன செய்யவேண்டும்? தமிழ்நாட்டில் நடந்ததைச் சொல்லுகிறோம். 2017-ல் நீட் தேர்வு நடைமுறைக்கு வந்தபின் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைப்பது மிகவும் அரிதாயிற்று. பயிற்சி வகுப்புக்குப் பணம் வேண்டுமே! ஆகவே 6 முதல் 12-ம் வகுப்புவரை அரசுப் பள்ளியிலேயே படித்து, நீட்டிலும் தேறியவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 அக்டோபரில் சட்டமாயிற்று.

ஆனால் அடுத்த மாதக் கலந்தாய்வில், தனியார் கல்லூரியில் இடம் பெற்ற சிலர் கட்டணம் கட்ட வழியின்றி அதை விட்டுவிட்டார்கள். கூலிக்குப் போகும் பெற்றோர் லட்சங்களுக்கு எங்கே போவார்கள்? அதன் பிறகே கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் தானே ஏற்பதாக அரசு அறிவித்தது. ஒதுக்கீட்டைக் காட்டிலும் இந்த அறிவிப்பையே நாங்கள் பெரிதாக எண்ணுகிறோம்.

ஒரு குறை உண்டு. அந்தச் சட்டத்தில் அரசு உதவிபெறும் பள்ளிகள் சேர்க்கப்படவில்லை. நம் திருச்சபைகள் நடத்தும் பள்ளிகளில் பல அவ்வகையே. அங்கே படிப்பவர்களும் அதே தெருப் பிள்ளைகள்தான். உங்கள் காணிக்கையால் நடக்கும் படிப்பு உதவி நிதியில் அவர்களுக்கே முதலிடம் கொடுத்து வருகிறோம்.