கைக்கேற்ற கத்தி

மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் போகும் சாலையில் மாட்டுப்பட்டி இருக்கிறது. மூணாறிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர். இது கேரளத்தின் இடுக்கி மாவட்டம். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,700 மீட்டர் உயரம். சுற்றிலும் தேயிலைத் தோட்டம். நடுவில் அணை. இங்குள்ள மாட்டுப் பண்ணை 1963-ல் இந்திய-சுவிஸ் கூட்டுத் திட்டத்தில் தொடங்கியது.

இந்த மலையில் கத்தி இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. தேயிலையைக் கவாத்து செய்யக் கத்தி வேண்டும். மாட்டுக்குப் புல் அறுக்க அரிவாள் வேண்டும். விறகு பிளக்க வெட்டுக்கத்தி வேண்டும். அடுப்படியில் காய் நறுக்கவும் கத்தி வேண்டும்.

கத்தி வாங்கும்போது நாம் எதைப் பார்க்கிறோம்? கூரைப் பார்க்கிறோம். இரும்பைத் தட்டிப் பார்க்கிறோம். விலையைக் கேட்கிறோம். பிடியைப் பார்ப்பவர்கள் குறைவு.

மரத்தைத் தொடுவது கத்தியின் வாய். நம் கையைத் தொடுவது பிடி. வாய் மழுங்கினால் தீட்டிக்கொள்ளலாம். கை கெட்டுப்போனால் என்ன செய்வது? உழைத்துச் சாப்பிடுகிறவர்களுக்குக் கைதான் சொத்து. அதனால் கத்தியைக் கைக்கு ஏற்றபடி செய்ய வேண்டும். கத்திக்கு ஏற்றபடி கையை வருத்தக் கூடாது.

கவாத்து சொல்லும் பாடம்

தேயிலையை அப்படியே விட்டால் மரமாக வளர்ந்துவிடும். கொழுந்து எட்டாது. அதனால் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை கிளைகளை வெட்டிச் செடியைத் தாழ்வாக நிறுத்துகிறார்கள். இதுதான் கவாத்து. சில தோட்டங்களில் இதற்கு இயந்திரம் வந்துவிட்டது. கத்தியும் இருக்கிறது.

கவாத்தில் வெட்டு சாய்வாக விழ வேண்டும். ஒரே வீச்சில், சுத்தமாக விழ வேண்டும். சாய்வான வெட்டில் மழைத் தண்ணீர் தேங்காமல் வழிந்துவிடும். கிளை பிளந்தால் பிளவில் தண்ணீர் தேங்கும். அந்த வழியாக நோய் புகும். செடி பட்டுப்போகலாம்.

இந்த வேலைக்கு ஏற்றபடி கவாத்துக் கத்தியின் முனை உள்பக்கமாக வளைந்திருக்கும். வீசும்போது அந்த வளைவு கிளையைப் பிடித்துக்கொள்ளும். கிளை நழுவாது. வேலை என்ன என்று தெரிந்த பிறகு கத்தியின் வடிவம் பிறந்திருக்கிறது.

இன்னொன்றையும் பாருங்கள். மாட்டுப்பட்டியில் மழையும் பனியும் அதிகம். கை ஈரமாக இருக்கும். குளிரில் விரல் மரத்திருக்கும். மரத்த விரலுக்குப் பிடியின் உணர்வு சரியாகத் தெரியாது. கத்தி நழுவுமோ என்று கை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். நாள் முழுக்க இறுக்கிப் பிடித்தால் முழங்கை வரை வலி ஏறும். அதனால் மலைநாட்டுக் கத்திக்குப் பிடி இன்னும் முக்கியம்.

பிடியின் நீளம்

பிடி குட்டையாக இருந்தால் அதன் அடிப்பகுதி உள்ளங்கையின் நடுவில் குத்தும். உள்ளங்கைக்குள் நரம்பும் ரத்தக் குழாயும் ஓடுகின்றன. அந்த இடம் தினமும் அழுந்தினால் விரல்கள் மரத்துப்போகும். இரவில் சுருக்சுருக்கென்று குத்தும்.

உங்கள் கையை விரித்து ஒரு தாள்மேல் வையுங்கள். நான்கு விரல்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விரல்கள் தொடங்கும் இடத்தில் கையின் அகலத்தை அளவுகோலால் அளங்கள். கட்டை விரலைச் சேர்க்க வேண்டாம். பலருக்கு 7 முதல் 9 சென்டிமீட்டர் இருக்கும். அதோடு 3 சென்டிமீட்டர் கூட்டுங்கள். அதுதான் உங்கள் பிடியின் நீளம். கையுறை போட்டு வேலை செய்தால் இன்னும் 1 சென்டிமீட்டர் கூட்டுங்கள்.

பிடியின் பருமன்

பிடி மெல்லியதாக இருந்தால் விரல் நுனி உள்ளங்கையில் குத்தும். தடிமனாக இருந்தால் விரல்கள் சுற்றி வராது. இரண்டிலும் கை சீக்கிரம் சோர்ந்துவிடும்.

சரியான பருமனைக் கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. ஒரு பழைய செய்தித்தாளை இறுக்கமாகச் சுருட்டுங்கள். நூலால் கட்டுங்கள். கையில் பிடித்துப் பாருங்கள். கட்டை விரலின் நுனி நடுவிரலின் நுனியைத் தொட வேண்டும். அல்லது அதன்மேல் சிறிது ஏறி நிற்க வேண்டும். தொடவில்லை என்றால் தாளைக் குறையுங்கள். மிகவும் ஏறினால் தாளைக் கூட்டுங்கள். பலருக்கு 3 முதல் 4 சென்டிமீட்டர் பருமன் பொருந்தும்.

விரலுக்கு ஏற்ற வீக்கம் என்று சொல்வார்கள் அல்லவா? கத்திப் பிடிக்கும் அது பொருந்தும்.

பிடியின் வடிவம்

உருண்டைப் பிடி கைக்குள் திரும்பிவிடும். கத்தி திரும்பினால் வெட்டு தவறும். முட்டை வடிவப் பிடி திரும்பாது. வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்காமலே கைக்குத் தெரியும். பனி மூடிய காலை நேரத்தில் இது பெரிய உதவி.

பிடியின் அடியில் சிறிது புடைப்பு இருக்கட்டும். வீசும்போது கத்தி கையை விட்டுப் பறக்காது. முன்பக்கமும் ஒரு சிறு மேடு இருக்கட்டும். கை வழுக்கி வாயின்மேல் போகாது.

சில பிடிகளில் விரல் பதிய நான்கு பள்ளம் வெட்டியிருப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது ஒரே ஒருவர் கைக்குத்தான் பொருந்தும். மற்றவர் பிடித்தால் மேடுகள் விரலை அழுத்தும். பள்ளம் இல்லாத பிடியே நல்லது.

வழவழப்பான வார்னிஷ் வேண்டாம். ஈரக் கையில் வழுக்கும். கூர்மையான விளிம்பும் வேண்டாம். கொப்புளம் போடும்.

பெண்களின் கை

கடையில் உள்ள பல கத்திகள் ஆண்களின் கைக்குச் செய்தவை. ஆனால் புல் அறுப்பதும் காய் நறுக்குவதும் பெரும்பாலும் பெண்கள். பெண்களின் கை பொதுவாகச் சிறியது. பெரிய பிடியைப் பிடித்து நாள் முழுக்க அறுத்தால் கை வலிக்கத்தான் செய்யும். அவர்களுக்குப் பலம் போதவில்லை என்று சொல்வது சரியல்ல. பிடிதான் பொருந்தவில்லை.

போபாலில் மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் இருக்கிறது. பல மாநிலங்களில் விவசாயத் தொழிலாளர்களின் உடல் அளவுகளை எடுத்தார்கள். ஆண்கள் அளவு தனி, பெண்கள் அளவு தனி. கருவிகள் செய்வோருக்காக அந்த அளவுகள் 2009-ல் புத்தகமாக வந்தன. 'நவீன்' என்ற லேசான அரிவாளும் இந்த நிறுவனத்தில் உருவானதுதான். அதன் வாயில் சிறு பற்கள் உண்டு. அளவெடுத்துச் சட்டை தைக்கிறோம். கருவியையும் அளவெடுத்துத்தான் செய்ய வேண்டும்.

அலகின் வடிவம்

இனி அலகுக்கு வருவோம். எல்லா வேலைக்கும் ஒரே கத்தி போதாது.

விறகு வெட்ட எடை வேண்டும். அலகு அகலமாகவும் முதுகு தடிமனாகவும் இருக்க வேண்டும். எடை முன்பக்கம் இருந்தால் கத்தியே இறங்கி வெட்டும். கைக்கு வேலை குறையும்.

புல் அறுக்க எடை வேண்டாம். மெல்லிய அலகு வேண்டும். உள்வளைவு வேண்டும். வளைவு புல்லைச் சேர்த்துப் பிடிக்கும். இழுக்கும்போது வாய் வழுக்கிக்கொண்டே அறுக்கும். அழுத்தி வெட்டுவதைவிட வழுக்கி அறுப்பது சுலபம். தக்காளியை நறுக்கும்போது இதைப் பார்த்திருப்பீர்கள். அழுத்தினால் நசுங்கும். இழுத்தால் நறுங்கும்.

காய் நறுக்கும் கத்திக்கு வாய் சிறிது வெளிவளைவாக இருக்கட்டும். அலகு பிடியைவிடக் கீழே இறங்கியிருக்கட்டும். அப்போது விரல் முட்டி பலகையில் இடிக்காது.

எந்தக் கத்தியானாலும் வேலை செய்யும்போது மணிக்கட்டு நேராக இருக்க வேண்டும். மணிக்கட்டு மடங்கினால் பிடியின் சாய்வைக் கொல்லரிடம் சொல்லி மாற்றுங்கள். கை வளைய வேண்டாம். கத்தி வளையட்டும்.

உலையில் என்ன நடக்கிறது?

இரும்பு வேலை நமக்குப் புதிதல்ல. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் அகழாய்வு செய்தார்கள். 2,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே இரும்பும் எஃகும் செய்தது தெரிந்தது. சிவகங்கை மாவட்டத்தில் உள்ள திருப்பாச்சி இன்றும் அரிவாளுக்குப் பெயர் பெற்ற ஊர்.

சாதாரண இரும்புக் கம்பியில் கத்தி செய்தால் கூர் நிற்காது. எஃகு வேண்டும். எஃகு என்பது சிறிது கரி கலந்த இரும்பு. பழைய லாரிப் பட்டையில் நூற்றில் அரைப் பங்குக்குச் சற்று மேலே கரி இருக்கும். அதனால் பல கொல்லர்கள் அதையே எடுக்கிறார்கள். விரிசல் விட்ட பட்டை ஆகாது. விரிசல் கத்தியிலும் வரும்.

பட்டையைச் சூடாக்கி அடித்து வடிவம் கொண்டுவருவார்கள். பிறகு அரத்தால் ராவி வாயை மெலிதாக்குவார்கள். அதன் பிறகு முக்கியமான வேலை. வாய் செந்நிறமாகும்வரை காய்ச்சுவார்கள். அந்தச் சூட்டில் காந்தம் எஃகில் ஒட்டாது. அதுதான் அடையாளம். உடனே எண்ணெயில் தோய்ப்பார்கள். எஃகு மிகவும் கடினமாகிவிடும். கண்ணாடி மாதிரி உடையவும் செய்யும்.

அதனால் மறுபடி லேசாகச் சூடு காட்டுவார்கள். பளபளப்பான இரும்பில் நிறம் மாறி மாறி ஓடும். முதலில் வைக்கோல் நிறம். பிறகு பழுப்பு. பிறகு ஊதா. பிறகு நீலம். காய்க் கத்திக்கு வைக்கோல் நிறத்தில் நிறுத்தலாம். கூர் நெடுநாள் நிற்கும். விறகுக் கத்திக்கு ஊதா வரை விடலாம். அடி தாங்கும், உடையாது. இதைத்தான் பதம் பார்ப்பது என்கிறோம்.

பிடி போடுவது

புளி, கருவேலம், கொய்யா ஆகிய மரங்கள் பிடிக்கு நல்லவை. மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரத்தில் பிடி போட்டால் காய்ந்ததும் சுருங்கும். கத்தி ஆடும். ஆடும் கத்தி ஆபத்து.

அலகின் வால் பிடிக்குள் ஆழமாகப் போக வேண்டும். கனமான வேலைக்கு வால் பிடியின் கடைசிவரை போகட்டும். இரு பக்கமும் மரத்தை வைத்து ஆணி அடித்து முனையை மழுக்கலாம். குத்திச் செருகும் பிடிக்கு முன்பக்கம் இரும்புப் பூண் வேண்டும். பூண் மரத்தை வெடிக்க விடாது.

பிடிக்கு ஆளி விதை எண்ணெய் தடவுங்கள். அது மரத்தில் ஊறி உலர்ந்துவிடும். தண்ணீரை விடாது. தேங்காய் எண்ணெய் அப்படி உலராது.

தீட்டுவது

மழுங்கிய கத்திதான் அதிகம் ஏமாற்றும். அது வெட்டாமல் வழுக்கும். நாம் கூடுதல் பலம் கொடுப்போம். பலம் தவறி கையில் விழும்.

தீட்டும்போது கத்தியை எவ்வளவு சாய்ப்பது? ஒரு தாளின் மூலையை எடுங்கள். சரிபாதியாக மடியுங்கள். மறுபடி சரிபாதியாக மடியுங்கள். இப்போது கிடைக்கும் கூர்மூலையைக் கல்லின்மேல் நிறுத்துங்கள். அந்த அளவு சாய்வு பொதுவான கத்திக்குச் சரி. காய்க் கத்திக்கு இன்னும் சிறிது படுக்க வையுங்கள். விறகுக் கத்திக்குச் சிறிது நிமிர்த்துங்கள். இரு பக்கமும் ஒரே மாதிரி தீட்டுங்கள்.

வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் பூசி உறையில் போடுங்கள். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கத்தி வெட்டிவிட்டால் சுத்தமான தண்ணீரில் காயத்தைக் கழுவுங்கள். சுத்தமான துணியால் அழுத்திக் கட்டுங்கள். மருத்துவமனைக்குப் போய் ரணஜன்னி ஊசி வேண்டுமா என்று கேளுங்கள்.

நீங்களே எழுதுங்கள்

கொல்லருக்கு இரும்பு தெரியும். உங்கள் கை உங்களுக்குத்தான் தெரியும். வாயால் சொன்னால் மறந்துபோகும். சீட்டில் எழுதிக் கொடுங்கள். கீழே உள்ளதை ஒரு தாளில் எழுதி, அளந்து நிரப்புங்கள்.

1. எந்த வேலைக்குக் கத்தி?
2. என் கையின் அகலம் எவ்வளவு?
3. பிடியின் நீளம் எவ்வளவு?
4. பிடியின் பருமன் எவ்வளவு?
5. அலகு நேராகவா, உள்வளைவாகவா, வெளிவளைவாகவா?
6. எடை முன்னாலா, பிடியிலா?
7. வலக்கைக்கா, இடக்கைக்கா?

கலந்து பேசுங்கள்

உங்கள் வீட்டில் எத்தனை கத்தி இருக்கிறது? அதை அதிகம் பயன்படுத்துவது யார்? அதன் பிடி அவர் கைக்குப் பொருந்துகிறதா? இன்றே அளந்து பாருங்கள்.