பாட்டிலில் வரும் மைலேஜ்

மேசை மேல் ஒரு சின்ன மோட்டார். அதில் சுழலும் இரும்பு வளையத்தின் அடிப்பாதி ஆயில் கிண்ணத்தில் முங்கியிருக்கும். வளையத்தின் மேல் ஓர் உருளையை அழுத்தி, நெம்புகோலின் முனையில் எடையை ஏற்றிக்கொண்டே போவார் விற்பனையாளர். சாதாரண எஞ்சின் ஆயிலில் கொஞ்ச எடைக்கே மோட்டார் கிறீச்சிட்டு நின்றுவிடும். கையிலுள்ள அடிட்டிவ் பாட்டிலிலிருந்து சில சொட்டு விட்ட பிறகு, நெம்புகோலில் எடையைக் குவித்தாலும் நிற்காது. பார்த்துக்கொண்டிருக்கும் லாரி உரிமையாளர் பர்ஸை எடுத்துவிடுவார்.

இந்த வித்தையில் கண்கட்டு எதுவும் கிடையாது. இத்தகைய சோதனையில் பிரமாதமாகத் தேறுவது குளோரின் ஏற்றிய பாரஃபின். இரும்பும் இரும்பும் கடுமையாக உரசும் இடத்தில் குளோரின் வினைபுரிந்து வழுக்கும் படலத்தை உண்டாக்குகிறது. உலோகம் வெட்டும் பட்டறைகளில் இது பழைய சரக்கு. ஆனால் ஓடுகிற எஞ்சினின் மெயின் பேரிங்கில் இரும்பு நேராக உரசுவதே அபூர்வம். கிராங்க் சுழலும் வேகமே ஆயிலை இடையில் இழுத்து வந்து தண்டைத் தாங்கிக்கொள்ளும். மேசைச் சோதனை எதைச் சோதிக்கிறதோ, அது அங்கே நடப்பதில்லை. டீசல் எரியும்போது உண்டாகும் ஈரமும் சூடும் சேர்ந்தால் அதே குளோரின் அமிலமாகி, பேரிங்கையே அரிக்கலாம்.

அடிட்டிவே தேவையில்லை என்று இதற்குப் பொருளில்லை. நல்ல டீசல் எஞ்சின் ஆயிலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அடிட்டிவ்தான். பிஸ்டனில் கசடு படியாமல் கழுவுவது ஒன்று, கரித்தூளைத் திரளவிடாமல் மிதக்க வைப்பது ஒன்று, நுரை அடக்குவது ஒன்று. (ஆயில் கறுத்துவிட்டதே என்று பதறுபவர்கள் கவனிக்க: கரியை ஆயில் சுமக்கிறது, அதன் வேலையே அதுதான்.) இவற்றோடு சேர்வது துத்தநாகமும் பாஸ்பரஸும் கந்தகமும் கலந்த 'இசட்.டி.டி.பி.' 1940களில் ஆயில் கெட்டுப்போகாமல் இருக்கத்தான் இதைச் சேர்க்கத் தொடங்கினார்கள். தேய்மானத்தைத் தடுக்கிறது என்பது பின்னால்தான் பிடிபட்டது. கேம் போல உரசல் கூடும் இடங்களில் இது சிதைந்து, சுமார் 100 நானோமீட்டர் கனத்தில் கண்ணாடி மாதிரியான ஒரு பாஸ்பேட் பூச்சாகப் படிகிறது. தேயத் தேய மறுபடி உண்டாகிறது.

சிக்கல் இங்கேதான். கழுவும் சேர்மம், துருத் தடுப்பான், இசட்.டி.டி.பி. எல்லாமே உலோகப் பரப்பில் துண்டு போட்டு இடம் பிடிப்பவை. யார் எவ்வளவு இடத்தில் உட்காரலாம் என்பதை எஞ்சின் சோதனைகளில் மாதக்கணக்காக ஓட்டிப் பார்த்துத்தான் ஆயில் நிறுவனம் தீர்மானிக்கிறது. மேலே ஊற்றும் பாட்டில், உட்கார்ந்திருப்பவரை எழுப்பிவிடும். ஒன்று கூடினால் இன்னொன்று வேலை செய்யாது.

2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 லாரிகளுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. சைலன்சர் வழியில் இருக்கும் டி.பி.எஃப். வடிகட்டி கரித்தூளைப் பிடித்து அவ்வப்போது எரித்துவிடும். ஆயிலோடு எரியும் உலோகச் சேர்மங்களின் சாம்பல் எரியாது. அங்கேயே தங்கி அடைக்கும். அதனால்தான் 2016 டிசம்பரில் வந்த சி.கே.-4 வகை ஆயிலில் சாம்பல் 1 சதவீதத்தையும் பாஸ்பரஸ் 0.12 சதவீதத்தையும் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். துத்தநாகம் நிறைந்த பாட்டிலைக் கவிழ்த்தால் அந்த வரம்பு அன்றே போயிற்று.

டெஃப்லான் துகள் கலந்த 'ஸ்லிக் 50' அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்தது. விளம்பரத்தில் சொன்ன தேய்மானக் குறைப்புக்கு ஆதாரம் இல்லை என்று அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்து, 1997-இல் அத்தகைய உரிமைகோரல்களை நிறுத்த வைத்தது. ஆயில் புகை நிற்க ஊற்றும் கெட்டிப் பசை ரகம் மட்டும் சொன்னதைச் செய்யும்: ஆயிலைத் தடிமனாக்கி, தேய்ந்த ரிங்கை மறைக்கும். வண்டியை விற்க நினைப்பவருக்கு உதவும். வாங்குபவர் உஷாராக இருக்க வேண்டும்.

டீசலில் கதை வேறு. கந்தகத்தை 10 பி.பி.எம்.-க்கு இறக்கும்போது, பம்பை வழுக்க வைத்த இயற்கைச் சேர்மங்களும் கூடவே போய்விடுகின்றன. 1990களின் தொடக்கத்தில் கந்தகம் குறைத்த டீசலுக்கு முதலில் மாறிய ஸ்வீடனில் பம்புகள் தேய்ந்து விழுந்தன. அதன் பிறகுதான் வழுக்கு அடிட்டிவ் கட்டாயத் தேவையானது. 60 டிகிரி சூட்டில் டீசலுக்குள் ஓர் எஃகுக் குண்டைத் தகட்டில் தேய்த்து, விழும் வடு 460 மைக்ரானுக்குள் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பங்க்குக்கு வரும் டீசல் இதைத் தேறியே வருகிறது. மறுபடி ஊற்ற அவசியமில்லை. குளிர் மட்டும் விதிவிலக்கு. காஷ்மீர் பக்கம் ஏறும் வண்டிகளில் டீசலின் மெழுகு உறைந்து ஃபில்டர் அடைக்கும். மண்ணெண்ணெய் கலந்து சமாளிப்பது பழைய வழக்கம். உறைவது குறையும், வழுக்கும் குறையும், ஆயிரக்கணக்கான பார் அழுத்தம் தாங்கும் காமன் ரெயில் பம்புக்கு அது கேடு. லடாக்கில் 2019 நவம்பரில் மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் கொண்டுவந்தது. அது கிடைக்காத இடத்தில் உறைவுத் தடுப்பு அடிட்டிவுக்குக் கொடுக்கும் காசு நியாயமானது. ஆனால் உறைந்த பிறகு ஊற்றிப் பயனில்லை.

எல்லாம் சரி, 'ஊற்றினேன், மைலேஜ் ஏறிச்சு' என்று நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் சொல்பவர்கள் பொய்யா சொல்கிறார்கள்? இல்லை. லிட்டருக்கு 4 கி.மீ. தரும் வண்டி மாதம் 10,000 கி.மீ. ஓடினால் 2,500 லிட்டர். 3 சதவீதம் மிச்சம் என்றால் 75 லிட்டர். ஆசை வரத்தான் செய்யும். ஆனால் அந்த 3 சதவீதம் லிட்டருக்கு 120 மீட்டர்தான். எதிர்க்காற்று, லோடு, டயரில் காற்று, டோல்கேட் வரிசை, ஏன், பாட்டில் ஊற்றிய பிறகு ஓனர் கணக்குப் பார்க்கிறார் என்று டிரைவர் ஆக்சிலரேட்டரை மிதிக்கும் விதம், இவற்றில் எதுவும் இதைவிட அதிகம் ஆட்டும். அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே1321 முறையில் ஒரே மாதிரி இரண்டு லாரிகளை ஒரே பாதையில் ஒன்றாக விடுவார்கள். ஒன்றில்தான் மாற்றம். தனி டேங்க்கைக் கழற்றித் தராசில் எடை போட்டு டீசல் கணக்கு எடுப்பார்கள். இரண்டின் விகிதம் பல ஓட்டங்களில் ஒத்துவந்தால்தான் அடுத்த பேச்சு.

விற்க வருபவரிடம் இந்தச் சோதனை அறிக்கையைக் கேட்டுப் பாருங்கள். அவர் கொண்டுவரும்வரை, ஆயில் மாற்றும்போது பழைய ஆயிலில் ஒரு குப்பி எடுத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பலாம். இரும்பு ஏறியிருந்தால் எங்கோ தேய்கிறது. சிலிக்கானும் சேர்ந்து ஏறியிருந்தால் ஏர் ஃபில்டர் குழாயின் கிளாம்பைப் போய்ப் பார்க்க வேண்டும், பெரும்பாலும் அங்கேதான் தூசி நுழைகிறது.