பழைய காரில் மீட்டர் கழற்றுகிறீர்களா? உஷார்! வண்டியும் எரியும், கணக்கும் மாறும்

திருவண்ணாமலை:
பழைய காரின் மீட்டர் போர்டைக் கழற்றி மாட்டுவது பெரிய வேலை இல்லை. ஆனால் அவசரப்பட்டால் வண்டியே எரிந்து போகும். அசந்தால் கிலோமீட்டர் கணக்கு மாறிப் போகும். வண்டியை பட்டறையில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாமல், சொந்தக்காரர் பக்கத்தில் நிற்பதே நல்லது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

அம்பாசிடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு... ஒரு காலத்தில் அண்ணாமலையார் கோவிலுக்கு வெளியூர் பக்தர்களை ஏற்றி வந்த கார்கள் இவை. இதில் ஹெரால்டு நம்ம சென்னையில் தயாரானது. அம்பாசிடர் உற்பத்தி 2014-ம் ஆண்டு மே மாதம் நின்று விட்டது. ஆனாலும் ஆசைக்காக வைத்திருப்பவர்கள் விடுவதாக இல்லை. 50 வயது தாண்டிய கார்களுக்கு ‘விண்டேஜ்’ என்று தனிப் பதிவு கொடுக்க 2021-ல் மத்திய அரசு விதி கொண்டு வந்தது.

முள் ஆடுகிறது, பல்பு எரியவில்லை, கண்ணாடி மங்கி விட்டது என்றால் போர்டை வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் பேட்டரி

"சாவியை எடுத்தாச்சே, அப்புறம் என்ன பயம்?" என்று கேட்பவர்கள் உண்டு. அங்கேதான் ஆபத்து! சாவியை எடுத்த பிறகும் போர்டுக்குப் பின்னால் சில ஒயர்களில் கரண்ட் இருக்கும். ஆம்பியர் மீட்டர் உள்ள வண்டியில் நிச்சயம் இருக்கும். பழைய வண்டிகளில் பல ஒயர்களுக்கு பியூஸே கிடையாது. ஸ்பானர் பட்டால் போதும். தீப்பொறி பறக்கும், ஒயர் பழுத்து விடும்.

எனவே முதலில் பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதுதான் கடைசி. ஒவ்வொரு ஒயரிலும் துண்டுச் சீட்டு ஒட்டி நம்பர் போட்டுக் கொள்ள வேண்டும். செல்போனில் ஒரு போட்டோவும் எடுத்து வைக்கலாம்.

சில மாடல்களில் ஆயில் மீட்டருக்கு மெல்லிய குழாயில் என்ஜின் ஆயிலே வரும். அதை முறுக்கி ஒடித்தால் என்ஜினுக்கே சங்கு!

கேபிள் ரகசியம்

கியர் பாக்சில் இருந்து வரும் கேபிள் சுற்றினால், மீட்டருக்குள் ஒரு காந்தம் சுற்றும். அந்த இழுப்பில்தான் வேக முள் நகருகிறது. அதே கேபிள்தான் கிலோமீட்டர் எண்களையும் உருட்டுகிறது. கேபிளை மடக்கி மாட்டினால் முள் பேயாட்டம் ஆடும். கேபிளைக் கழற்றி விட்டாலோ வண்டி ஓடும், கணக்கு ஓடாது!

சில தில்லுமுல்லுப் பேர்வழிகளுக்கு இது வசதி. கழற்றிய மீட்டரில் எண்களைப் பின்னுக்குத் தள்ளி விடுகிறார்கள். போதாக்குறைக்கு, பழைய மீட்டர்கள் பலவற்றில் 5 எண்கள்தான். 99,999 தாண்டினால் மறுபடியும் பூஜ்யம். 40 ஆயிரம் காட்டும் வண்டி 1 லட்சத்து 40 ஆயிரம் ஓடியதாகவும் இருக்கலாம்.

வாங்குபவர்கள் மீட்டரை மட்டும் நம்பக் கூடாது. பெடல் ரப்பர் தேய்ந்திருக்கிறதா, பழைய சர்வீஸ் பில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கணக்கைத் திருத்தி ஏமாற்றி விற்றால் அது மோசடி. பாரதிய நியாய சன்ஹிதா 318-வது பிரிவு பாயும்.

மலையைச் சுற்றினால் தெரியும்

கழற்றும் முன் மீட்டர் எண்ணைக் குறித்துக் கொள்ளுங்கள். மாட்டிய பிறகு அதே எண் இருக்க வேண்டும். சாவியைத் திருப்பியதும் ஆயில் விளக்கும் சார்ஜ் விளக்கும் எரிய வேண்டும். என்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். அணையவில்லையா? உடனே என்ஜினை நிறுத்தி விடுங்கள்.

மீட்டர் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க நம்ம ஊர்க்காரர்களுக்கு அளவுகோல் கையிலேயே இருக்கிறது. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பவுர்ணமி கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து நிதானமாக ஒரு சுற்று சுற்றினால், மீட்டரிலும் கிட்டத்தட்ட 14 ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் வண்டியை நேராக பட்டறைக்கே திருப்புங்கள். அதன் பிறகு கூலியைக் கொடுக்கலாம்!