பால்மரப் பட்டை மீண்டும் வளர்கிறது, முழங்கால் ஏன் வளர்வதில்லை?

மந்தின் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் சீவிய தாத்தாவோ பாட்டியோ உங்கள் வீட்டில் இருந்தால், மாணவர்களே, அவர்களிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: "உளி ஆழமாகப் போய்விட்டால் மரத்துக்கு என்ன ஆகும்?" பதில் உடனே வரும். பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவ வேண்டும். உளி உள்மரத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அங்கே ஒழுங்காகச் சீவ முடியாது. கங்காணியிடம் திட்டு வாங்கியதுதான் மிச்சம்.

இதற்கான காரணம் உங்கள் உயிரியல் பாடத்தில் இருக்கிறது. பட்டைக்கும் உள்மரத்துக்கும் நடுவே கேம்பியம் என்ற மெல்லிய படை உண்டு. அதன் செல்கள் ஓயாமல் பிரிந்து புதிய செல்களை உண்டாக்குகின்றன. ஸ்டெம் செல், அதாவது குருத்தணு என்கிறோமே, தாவரத்தில் அந்த வேலையைச் செய்வது இதுதான். கேம்பியத்துக்குக் காயம் படாதவரை, சீவிய பட்டை சில ஆண்டுகளில் மீண்டும் வளரும். அதே இடத்தில் மறுபடியும் பால் எடுக்கலாம்.

இப்போது மரம் சீவியவரின் முழங்காலுக்கு வருவோம். எலும்பு முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்க, அவற்றின் மேல் சில மில்லிமீட்டர் தடிமனில் வழுவழுப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. (குருத்தணு வேறு, குருத்தெலும்பு வேறு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் தேர்வில் பலர் குழம்புகிறார்கள்.) இந்தப் போர்வையில் ரத்தக் குழாய் கிடையாது, நரம்பு கிடையாது, கேம்பியம் போன்ற படையும் கிடையாது. இருக்கும் கொஞ்சம் செல்களுக்கும் மூட்டுத் திரவத்திலிருந்து ஊறி வரும் உணவுதான். அடிக்கடி குந்துவதும் பாரம் தூக்குவதுமான வேலைகளைப் பல ஆண்டுகள் செய்தவர்களுக்கு முழங்கால் தேய்மானம் வரும் வாய்ப்பு அதிகம். அழிந்த குருத்தெலும்பு திரும்ப வளர்வதில்லை என்பதை வில்லியம் ஹன்டர் என்ற மருத்துவர் 1743-லேயே எழுதிவிட்டார்.

நரம்பே இல்லாத குருத்தெலும்பு எப்படி வலிக்கும் என்று நீங்கள் கேட்டால், அது நல்ல கேள்வி. வலி அதற்கு அடியிலுள்ள எலும்பிலிருந்தும், மூட்டைச் சுற்றிய சவ்வு வீங்குவதிலிருந்தும் வருகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

"குருத்தணு ஊசி போட்டால் மூட்டு புதிதாக வளரும்" என்ற விளம்பரம் உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்திருக்கலாம். இபிஎஃப் பணத்தை எடுக்கலாமா என்று பெரியவர்கள் பேசியிருக்கவும் கூடும். இதில் எவ்வளவு உண்மை? பதில் தேட அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. மந்தினிலிருந்து நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரப் பயணத்தில், கோலாலம்பூர் விளையாட்டு மருத்துவ மையத்தில் டாக்டர் சோ கே யோங் குழுவினர் செய்த ஆய்வு உலக அளவில் பேசப்பட்ட ஒன்று. அதன் முடிவு 2013-இல் வெளியானது.

குருத்தெலும்பு ஆழமாகச் சேதமான, 18 முதல் 50 வயதுக்குட்பட்ட 50 பேரை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் முதலில் ஒரே அறுவை சிகிச்சை: சேதமான இடத்தில் எலும்பில் சிறு துளைகள் போடுவது. துளை வழியாக மஜ்ஜையின் ரத்தம் மேலே வந்து உறையும், அதில் புதுத் திசு வளரும். ஆனால் இப்படி வளர்வது பெரும்பாலும் நார் நிறைந்த, தரம் குறைந்த திசு. உளி ஆழமாகப் பட்ட மரத்தில் வளரும் முடிச்சுப் பட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அதைத்தான் சோ குழு மேம்படுத்தப் பார்த்தது. பிறகு சீட்டுக் குலுக்குவதுபோல் 25 பேர் வீதம் இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஹயலூரோனிக் அமிலம் மட்டும் முழங்காலில் ஊசியாகப் போடப்பட்டது. மற்றொரு குழுவுக்கு அதோடு அவரவர் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த குருத்தணுக்களும் சேர்த்துப் போடப்பட்டன. ஆளுக்கு மொத்தம் 8 ஊசிகள்.

ஒன்றரை ஆண்டு கழித்து, சம்மதித்தவர்களின் முழங்காலிலிருந்து, குழுவுக்கு 16 பேர் வீதம், கடுகளவு திசு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். 14 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண். குருத்தணு பெற்ற குழு 1066, பெறாத குழு 957. எம்ஆர்ஐ படத்திலும் குருத்தணுக் குழுவே முந்தியது. அதாவது திசு உண்மையிலேயே மேலானது.

ஆனால் இரண்டு ஆண்டு முடிவில் "உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? படி ஏற முடிகிறதா? குந்த முடிகிறதா?" என்ற கேள்விகளுக்கு நோயாளிகள் தந்த மதிப்பெண் 100-க்கு 74.8, மற்றக் குழுவில் 71.1. இவ்வளவு சிறிய வேறுபாடு தற்செயலாகவே வரக்கூடியது என்று கணக்குச் சொன்னது. நுண்ணோக்கி ஒன்று சொல்கிறது, கால் வேறொன்று சொல்கிறது! வலி குருத்தெலும்பில் இல்லை என்று முன்பு பார்த்தோமே, முரண்பாடு அங்கேயே தொடங்குகிறது. இரண்டு பதில்களையும் மறைக்காமல் வெளியிட்டதுதான் என் பார்வையில் அந்த ஆய்வின் பெரிய பலம்.

இதே குழு 2021-இல் இன்னோர் ஆய்வை வெளியிட்டது. அதில் துளையிட்டுக் குருத்தணு பெற்றவர்கள், ஊசியும் இயன்முறைப் பயிற்சியும் மட்டும் பெற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். நல்ல செய்திதான். ஆனால் இந்த முறை எதிர்க்குழுவுக்கு எலும்பில் துளையே போடவில்லை. அப்படியானால் பலன் தந்தது துளையா, குருத்தணுவா, இரண்டுமா? வகுப்பில் இதை விவாதித்துப் பாருங்கள்.

விளம்பரத்துக்குத் திரும்புவோம். அதில் அறுவை சிகிச்சை இல்லை, நேராக ஊசிதான். அதைச் சோதித்த பெரிய ஆய்வு 2023-இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்தது. அமெரிக்காவில் முழங்கால் தேய்மானம் உள்ள சுமார் 480 பேரில் சிலருக்கு மஜ்ஜைச் செல், சிலருக்குக் கொழுப்பிலிருந்து எடுத்த செல், சிலருக்குத் தொப்புள்கொடித் திசுச் செல், மற்றவர்களுக்கு வழக்கமான ஸ்டீராய்டு ஊசி. ஓராண்டு கழித்துப் பார்த்தால், வலியைக் குறைப்பதில் எந்தச் செல் ஊசியும் ஸ்டீராய்டைவிட மேலாக இல்லை.

அப்படியானால் "எனக்கு ஊசி போட்டதும் குறைந்தது" என்பவர் பொய் சொல்கிறாரா? இல்லை. தேய்மான வலி அலைபோல ஏறி இறங்கும். மிக மோசமான வாரத்தில்தான் நாம் மருத்துவரைத் தேடிப் போகிறோம். அடுத்த வாரம் அது தானாகவே கொஞ்சம் இறங்கும். ஊசி போட்டோம் என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொள்ளும். எதிர்க்குழு இல்லாமல் ஓர் ஆய்வை நம்பக்கூடாது என்பது இதனால்தான்.

போட்ட செல்கள் குருத்தெலும்பாக மாறி ஒட்டிக்கொள்கின்றன என்ற படமும் இப்போது மாறிவருகிறது. இந்த வகைச் செல்களுக்கு 1991-இல் மீசன்கைமல் ஸ்டெம் செல் என்று பெயர் வைத்த ஆர்னால்ட் கேப்ளானே, அந்தப் பெயரை மாற்ற வேண்டும் என்று 2017-இல் எழுதினார். அவை புதுத் திசுவாக மாறுவதைவிட, சுற்றியுள்ள செல்களுக்கு வேதிச் செய்தி அனுப்புவதே முக்கியமான வேலை என்பது அவர் வாதம்.

கதவு மூடிவிடவில்லை. இந்தியாவில் பெங்களூரு நிறுவனமான ஸ்டெம்பியூட்டிக்ஸின் செல் மருந்துக்கு முழங்கால் தேய்மானத்துக்காக 2022-இல் அனுமதி கிடைத்தது. மலேசியாவில் இத்தகைய செல் மருந்துகளைப் பதிவு செய்வது பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமை. அடுத்த முறை வீட்டுக்கு விளம்பரம் வந்தால், உங்களில் யாராவது அந்த எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள்: இந்த மருந்து முகமையில் பதிவானதா, பதிவு எண் என்ன? ஆய்வு என்று சொன்னால், எதிர்க்குழுவுக்கு என்ன கொடுத்தார்கள்? அவர்களுக்கு வயது என்ன? கோலாலம்பூர் ஆய்வில் 50 வயதைத் தாண்டியவர் ஒருவர்கூட இல்லை, பாட்டிக்கோ எழுபது.

அதற்கிடையில் பாட்டியைக் கிளினிக் கெசிஹாத்தானுக்கு அழைத்துப் போகலாம். பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட். தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி முழங்கால் வலியைக் குறைக்கும் என்பது பல ஆய்வுகளில் உறுதியான விஷயம், இயன்முறைப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். மூட்டு முழுதாகத் தேய்ந்திருந்தால், செயற்கை மூட்டு பொருத்துவது பற்றி அரசாங்க மருத்துவமனையின் எலும்பியல் நிபுணரிடம் பேசலாம். மந்தின்காரர்களுக்கு அருகில் இருப்பது சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனை.