ஓர் அடையில் பல வண்ணம்

உலகின் மிகச் சிறிய கோழி இனங்களுள் ஒன்று செராமா. இதன் பிறப்பிடம் மலேசியாவின் கிளந்தான் மாநிலமாகும். நன்கு வளர்ந்த சேவல்கூடப் பெரும்பாலும் அரைக் கிலோகிராம் எடையைத் தாண்டுவதில்லை. நிமிர்ந்த நெஞ்சும் செங்குத்தான வாலும் தரையை நோக்கித் தொங்கும் இறக்கைகளும் இதன் அடையாளங்கள். சிறு கூண்டே போதும் என்பதால், இட நெருக்கடி மிகுந்த கிள்ளான் பள்ளத்தாக்கிலும் ஆர்வலர்கள் இதனை வளர்க்கின்றனர்.

செராமாவின் மற்றொரு சிறப்பு அதன் நிறம். ஒரே அடையில் பொரித்த குஞ்சுகள் வளர்ந்ததும் ஒன்று கறுப்பாகவும், மற்றொன்று செம்பழுப்பாகவும், வேறொன்று புள்ளிகளுடனும் காணப்படலாம். பல வகைக் கோழிகளின் கலப்பால் இவ்வினம் உருவானதே இதற்குக் காரணம். மேலும், மலேசியப் போட்டிகளில் நிறத்தைவிட உடல் தோற்றத்திற்கும் மிடுக்கான நடைக்குமே முதன்மை அளிக்கப்படுகிறது.

இறகின் நிறத்திற்கு அடிப்படை மெலனின் என்னும் நிறமியாகும். அதில் ஒரு வகை கறுப்பையும் மற்றொரு வகை செம்பழுப்பையும் தருகிறது. அவை எங்கே, எவ்வளவு சேர வேண்டும் என்பதை மரபணுக்கள் முடிவு செய்கின்றன. எடுத்துக்காட்டாக, சாம்பல் நீலச் சேவலையும் சாம்பல் நீலப் பெட்டையையும் இணைத்தால், சராசரியாக நான்கு குஞ்சுகளில் இரண்டு மட்டுமே சாம்பல் நீலமாக இருக்கும். ஒன்று கறுப்பாகவும், மற்றொன்று வெளிர் நிறத்தில் கருந்தெறிப்புகளுடனும் பிறக்கும். மாறாக, கறுப்புக் கோழியையும் கருந்தெறிப்புக் கோழியையும் இணைத்தால் குஞ்சுகள் அனைத்தும் சாம்பல் நீலமாகவே அமையும்! எனவே, விரும்பிய நிறத்தைப் பெற அந்நிறத்தைப் பார்த்து இணைத்தால் மட்டும் போதாது. மரபையும் அறிய வேண்டும்.

நிறம் மட்டும் அழகைத் தந்துவிடாது. இறகின் இழைகளை நுண்ணிய கொக்கிகள் ஒன்றோடொன்று பிணைக்கின்றன. அப்போதுதான் இறகு வழவழப்பாக இருக்கும். இறகு பெரும்பாலும் புரதத்தால் ஆனது. ஆகவே, கோழி பழைய இறகை உதிர்த்துப் புதிய இறகு வளர்க்கும் காலத்தில் புரதம் நிறைந்த தீனி அவசியம்.

அழகை மட்டுமே நாடுவதில் ஆபத்தும் உண்டு. நெருங்கிய உறவுக் கோழிகளையே தொடர்ந்து இணைத்தால் நோய் எதிர்ப்பாற்றலும் முட்டை பொரிக்கும் திறனும் குறையக்கூடும். ஜப்பானியக் குறுங்கோழிகளின் குட்டைக் கால் மரபணு இதற்கு இன்னொரு பாடம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதனைப் பெறும் கரு முட்டைக்குள்ளேயே இறந்துவிடுகிறது.

2004ஆம் ஆண்டு கிளந்தானில் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. நோய் பரவாமல் தடுக்கச் சுற்றுவட்டாரப் பறவைகள் அழிக்கப்பட்டன. ஆசையோடு வளர்க்கப்பட்ட செராமாக்களும் அவற்றுள் அடங்கும். பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய ஒரு வழித்தோன்றல் அழிந்தால், அதனை மீண்டும் விலைக்கு வாங்க இயலாது. எனவேதான் அனுபவமிக்க வளர்ப்போர் ஒவ்வொரு கோழியின் பெற்றோரையும் குறித்து வைக்கின்றனர். நல்ல இணைகளை வெவ்வேறு இடங்களில் பிரித்தும் வளர்க்கின்றனர். நம் நாட்டில் பிறந்த இச்சிறு பறவையின் பல வண்ணங்கள் அத்தகைய பொறுமையாலேயே காக்கப்படுகின்றன.