அரையர் சேவையும் திருவரங்கத்து மண்டபங்களும்: ஓர் அரங்கியல் நோக்கு

முன்னுரை

தமிழர் அரங்கமைப்பை ஆராய்வோர் பெரும்பாலும் சிலப்பதிகார அரங்கேற்று காதையிலிருந்தே தொடங்குவர். ஏழுகோல் அகலம், எட்டுக்கோல் நீளம், ஒருகோல் உயரம், மூவகை எழினி என அக்காதை கூறும் அளவுகளைக் கொண்டு திருவரங்கம் கோயிலுக்குள் தேடினால் அரங்கு எதுவும் தென்படாது. ஆயினும் மார்கழித் திருநாளில் அக்கோயிலின் மண்டபங்கள் அரங்காகின்றன. அவை எவ்வாறு அரங்காகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பகல்பத்து

நாலாயிரத் திவ்வியப் பிரபந்தப் பாசுரங்களை இசையோடு பாடி, அபிநயித்து, உரை சொல்லுவதே அரையர் சேவை. பாசுரங்களுக்கு இசை வகுத்துத் தம் மருமக்கள் இருவருக்குக் கற்பித்தவர் நாதமுனிகள் என்பது வைணவ மரபு.

பகல்பத்தில் அர்ச்சுன மண்டபத்தில் நம்பெருமாள் எழுந்தருள, ஆழ்வார், ஆசாரியர் திருமேனிகள் வரிசையாக வீற்றிருக்கும். குல்லாய் அணிந்த அரையர் கையில் தாளத்துடன் பெருமாளை நோக்கி நிற்பார். இங்கு முதன்மைப் பார்வையாளர் இறைவனே. அடியார்கள் உடனிருந்து காண்பவர்கள். முத்துக்குறியில் அரையர் ஒருவரே தாய், மகள், கட்டுவிச்சி என மூவராகவும் நின்று நடிப்பார். காட்சித் திரையோ உயர்ந்த மேடையோ அதற்குத் தேவைப்படுவதில்லை.

இராப்பத்து

வைகுண்ட ஏகாதசியன்று நம்பெருமாள் பரமபத வாசலைக் கடந்து, மணல்வெளி வழியே ஆயிரங்கால் மண்டபத்திலுள்ள திருமாமணி மண்டபத்தை அடைகிறார். எழினி விலகுவதால் களம் மாறுவது பிற அரங்குகளின் இயல்பு; இங்கோ வாசல் திறப்பதால் களம் மாறுகிறது. வாசலுக்கு அப்பாலுள்ள மண்டபம் வைகுந்தமாகக் கொள்ளப்படுகிறது. அங்கே திருவாய்மொழி சேவிக்கப்படுகிறது. எட்டாம் நாளில் மணல்வெளியே திருமங்கை மன்னன் வேடுபறிக்குக் களமாகிறது. பத்தாம் நாளில் நம்மாழ்வார் மோட்சம் நிகழ்கிறது. ஆகவே இவ்வரங்கைத் தனியொரு கட்டடமாகக் கொள்ளாமல், மண்டபம், வாசல், வெளி ஆகியவற்றை இணைக்கும் புறப்பாட்டுப் பாதையாகக் கொள்வதே பொருந்தும்.

இன்றைய நிலை

பிற நாள்களில் வருவோர் 953 தூண்கள் நிற்கும் ஒரு கல் மண்டபத்தையே காண்பர். அதன் பயன்பாடு அவர்களுக்குப் புலப்படாது. அதனை உணர விரும்புவோர் டிசம்பர், சனவரித் திங்கள்களில் வரும் இத்திருநாளில், பகல்பத்து, இராப்பத்து இரண்டையும் காண்பது நன்று. ஒன்றை மட்டும் காண்போர்க்கு இடமாற்றத்தின் பொருள் விளங்காது.

கோயிலின் சீரமைப்புப் பணி 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதைப் பெற்றது. கல்லைக் காக்கும் முறைகள் நம்மிடம் உள்ளன. ஆனால் அரையர் சேவை தலைமுறை வழியாகச் சில குடும்பங்களுக்குள் கற்பிக்கப்படும் கலை. தமிழகத்தில் திருவரங்கம், திருவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி ஆகிய தலங்களில் தொடர்கிறது. கற்பார் இன்றேல் தூண்கள் நிற்கும், அரங்கு நில்லாது.

முடிவுரை

அளவுகளால் அமைந்த அரங்கோடு, நிகழ்வால் அமையும் அரங்கும் தமிழ் மரபில் உண்டு என்பதற்குத் திருவரங்கம் சான்றாகிறது. எனவே இம்மண்டபங்களை ஆவணப்படுத்துவோர் கட்டட வரைபடத்துடன் புறப்பாட்டு வழி, அரையர் நிற்குமிடம், திருமேனிகளின் வரிசை ஆகியவற்றையும் பதிவு செய்தல் வேண்டும்.